மேற்படி நபர் எனது வீட்டில் வசித்து வருகிறார்

டோக்கனில் நாற்பத்தேழு என்று இருந்தது. சுவரில் சிவப்பாக எரிந்த எண் பத்தொன்பது. பத்தொன்பது நாற்பத்தேழாகும் வரைக்கும் தம்பியின் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும், அவ்வளவு நேரம் எதைப் பேசுவது என்று செந்தாமரைக்குத் தெரியவில்லை. துறையூர் தாலுகா ஆபீசின் பின்கட்டில் இருந்தது ஆதார் மையம். இரும்பு நாற்காலிகளை ஒரே கம்பியில் கோத்துப் போட்டிருந்தார்கள், ஒருவர் எழுந்தால் வரிசை முழுவதும் ஆடியது. கலியமூர்த்தி ஒரு நாற்காலி தள்ளி உட்கார்ந்திருந்தான். நடு நாற்காலியில் அவளுடைய ரெக்சின் பை இருந்தது. பையை முதலில் வைத்தது தானா, அதைப் பார்த்துத்தான் அவன் தள்ளிப் போய் உட்கார்ந்தானா, இல்லை அவன் தள்ளி உட்கார்ந்ததைப் பார்த்துவிட்டு அந்த இடம் வெறுமையாகத் தெரிய வேண்டாமே என்று தான் பையை வைத்தோமா? பத்து நிமிஷத்துக்கு முன்னால் நடந்ததே ஞாபகத்தில் நிற்கவில்லை. ஆறு வருஷத்துக்கு முன்னால் வீட்டு வாசலில் நின்று அந்த அதிகாரியிடம் சொன்னதில் எந்த வார்த்தை இருந்தது, எந்த வார்த்தை இல்லை என்று எப்படித் தெரியப்போகிறது. வேண்டாம், இப்போது அதை நினைக்கக் கூடாது. மின்விசிறி தலைக்கு மேலே டக் டக்கென்று ஏதோ கழன்ற சத்தத்தோடு சுற்றியது. கலியமூர்த்தி நிமிர்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தான். பேரிங் போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டிருப்பான். மோட்டார் சத்தத்தைக் கேட்டே நோய் சொல்கிறவன் ஒரு காலத்தில். ஒரு காலத்தில் என்ன, இப்போதும்தான், பதினேழு வருஷம் கொலைக் கேசில் உள்ளே இருந்தால் காது மறந்தா போய்விடும்.

திருச்சி மத்திய சிறையிலிருந்து அவனை விடுதலை செய்து நாற்பது நாளாகிறது. அது அவளுக்குத் தெரிந்து நான்கு நாள்தான். தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தது. "அக்கா, நான் கலியன். வெளிய வந்துட்டேன்" என்றான். எப்போது, எங்கே இருக்கிறாய், சாப்பிட்டாயா என்று எதையும் அவள் கேட்பதற்குள், மனப்பாடம் பண்ணி வைத்திருந்தது போல அடுத்ததைச் சொன்னான். "ஒரு கையெழுத்து வேணும்க்கா. நீ வந்துதான் போடணும். ஒரு மணி நேர வேலைதான்." அவனிடம் ஆதார் அட்டை இருக்கிறது. உள்ளேயே ஒரு நாள் மிஷினோடு வந்து எல்லோருக்கும் எடுத்துக் கொடுத்தார்கள். ஆனால் அதில் முகவரி என்ற இடத்தில் மத்திய சிறை, திருச்சிராப்பள்ளி என்று அச்சடித்திருக்கிறது. காலையில் பஸ் ஸ்டாண்டில் வைத்து அவளிடம் காட்டினான். வெளியே வந்த நாலாம் நாள் ஒரு வைண்டிங் கடையில் வேலை கேட்டிருக்கிறான். கடைக்காரர் ஒரு மோட்டாரைப் பிரித்துப் போட்டு அவனைக் கம்பி சுற்றிக் காட்டச் சொன்னாராம், பார்த்துவிட்டு இந்தக் கை எங்கேயிருந்தது இவ்வளவு நாள் என்று சிரித்தாராம். நாளைக்கே வந்துவிடு, ஆதாரைக் கொடு என்று வாங்கி, திருப்பிப் பார்த்து, படித்து, ஒன்றும் சொல்லாமல் நீட்டிவிட்டாராம். "ஒரு வார்த்த சொல்லலக்கா. டீ வாங்கிக் குடுத்தாரு. நல்ல மனுசன்" என்றான். மண்ணச்சநல்லூரில், உள்ளே பழக்கமாகி இவனுக்கு முன்னாலேயே விடுதலையாகி வந்த அந்தோணிசாமி என்பவர் சின்னதாக ஒரு மோட்டார் ரிப்பேர் கடை வைத்திருக்கிறார். வேலை தருகிறார். ஆனால் தங்குவதற்கு அறை தரவேண்டிய வீட்டுக்காரர் அட்டை கேட்கிறார். அட்டையில் முகவரி மாற்ற வேண்டுமென்றால் ஒரு வீடு வேண்டும். வீடு வேண்டுமென்றால் அட்டையில் வேறு முகவரி வேண்டும். பதினேழு வருஷம் ஒரே கதவு, அதை ஒரு ஆள் வந்து திறப்பார், மூடுவார். இப்போது எத்தனை கதவு என்றே தெரியவில்லை, எதற்கும் ஆளும் இல்லை. அவன் அப்படிச் சொல்லவில்லை. அவனுக்கு அப்படியெல்லாம் சொல்ல வராது. அவளாகத்தான் நினைத்துக்கொண்டாள்.

எண் இருபத்தொன்றுக்கு மாறியது. குழந்தைக்குப் போட்டோ எடுக்கிறார்கள், அது கேமராவைப் பார்க்க மாட்டேன் என்று வீரிட்டது. ஜெராக்ஸ் மிஷினின் சூட்டு வாடையும் யாரோ பிரித்த புளிச்சோற்று வாடையும் கலந்து வந்தது. கலியமூர்த்தி அவள் பக்கம் சாய்ந்து, "பாத்ரூம் போய்ட்டு வரட்டுமாக்கா?" என்று கேட்டான். "போய்ட்டு வாயேன்" என்றாள். அவன் எழுந்து போன பிறகுதான் அவன் கேட்டது தகவலுக்கு அல்ல, அனுமதிக்கு என்று உறைத்தது. நாற்பத்தெட்டு வயது. தலை பாதிக்குமேல் நரைத்து, முன்பல்லில் ஒன்று இல்லாமல், மடிப்பு கலையாத சட்டை. அந்தச் சட்டை யார் வாங்கிக் கொடுத்தது? தான் கடைசியாகச் சட்டை அனுப்பியது எந்தத் தீபாவளிக்கு? அளவு சொல்லத் தெரியாமல் கடைக்காரரிடம், உங்க உயரம்தான் இருப்பான் என்று சொல்லி வாங்கியது. பக்கத்து நாற்காலியில் இருந்த பெண், நல்ல மஞ்சள் பூசிய முகம், "உங்க வீட்டுக்காரரா?" என்று கேட்டாள். "தம்பி." "வெளியூருங்களா?" "ஆமா, திருச்சி." "திருச்சியில என்ன பண்றாரு?" என்ன பண்றாரு. மோட்டார் மெக்கானிக் என்று சொல்லி முடிக்கையில் செந்தாமரையின் காதோரம் சூடேறியது. பொய் இல்லை. பொய் இல்லைதான், ஆனாலும் அந்தப் பெண் எழுந்து எதிர்வரிசைக்குப் போய்விட மாட்டாளா என்று ஒரு கணம் பயந்தாளே, அந்தப் பயம் யாருடையது? பயந்து பயந்துதான் எல்லாவற்றையும் கெடுத்தாயிற்று. இனி பயந்து காப்பாற்றிக்கொள்ள அவளிடம் என்ன இருக்கிறது. புருஷன் போய் இரண்டு வருஷம். மகள் நாமக்கல்லில். மூன்று அறை வீட்டில் ஒருத்தி. நேற்று முழுக்க முன்னறையைக் கழுவிவிட்டாள், பழைய பீரோவை நகர்த்த எதிர்வீட்டுப் பையன்களைக் கூப்பிட்டாள், கட்டிலுக்கு மெத்தையுறை மாற்றினாள். யாரும்மா வர்றாங்க என்று கேட்டார்கள். தம்பி என்றாள். அந்த ஒரு வார்த்தையைச் சத்தமாகச் சொன்னதில் உடம்பே லேசானது போலிருந்தது. அதற்கு ஆறு வருஷம் ஆகியிருக்கிறது.

அவன் அந்த முன்னறையில் படுத்து வளர்ந்தவன்தான். அவள் கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த மறு வருஷம், அம்மா தவறியதும், பதினாலு வயதில் வந்து சேர்ந்தான். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த வைண்டிங் கடையில் தொழில் பழகினான். நாலைந்து வருஷம். அப்புறம் ஊருக்குப் போய்த் தனியாக நின்றான், கல்யாணமும் செய்துகொண்டான். பங்காளி தங்கவேலுவோடு பொதுக் கிணறு. ஒரு வெயில் காலத்தில் மோட்டார் ஒயரை யார் பிடுங்கிப் போட்டது என்று பேச்சு வளர்ந்தது. கையில் இருந்தது பைப் திருகும் ரெஞ்ச். ஒரே அடிதான் என்று கோர்ட்டில் சொன்னான், ஒரே அடிதான் என்று எல்லோரும் சொன்னார்கள். தங்கவேலு மூன்றாம் நாள் பெரியாஸ்பத்திரியில் செத்துப்போனான். கலியமூர்த்தி எதையும் மறுக்கவில்லை. கோர்ட் வராண்டாவில் தங்கவேலு பெண்டாட்டி ஒரு தூணில் சாய்ந்து, கைக்குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததை செந்தாமரை பார்த்தாள். அவளிடம் போய் ஏதாவது சொல்ல வேண்டுமென்று எழுந்து பாதி தூரம் நடந்து, என்ன சொல்வதென்று தெரியாமல் குழாயில் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பிவிட்டாள். அது ஒன்று. பாதி தூரம் போய்த் திரும்புவது தன் குணம் போலிருக்கிறது. கலியன் பெண்டாட்டி இரண்டாம் வருஷமே பிரிந்து போய் வேறு வாழ்க்கை அமைத்துக்கொண்டாள், அவளைக் குறை சொல்ல முடியாது. மிச்சம் அக்கா ஒருத்திதான். பத்து வருஷம் அவள் ஒழுங்காகத்தான் மனு போட்டுப் போய்ப் பார்த்தாள். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் இருபது பேர், இந்தப் பக்கம் இருபது பேர், எல்லோரும் ஒரே நேரத்தில் கத்துவார்கள். அந்தக் கூச்சலில் அவன் என்ன சொன்னான் என்று பாதி விளங்காது. நல்லாருக்கேன்க்கா என்பது மட்டும் உதட்டசைவிலேயே தெரியும். பதினோராம் வருஷத்துக்குப் பிறகு இரண்டே தடவை. அப்புறம் புருஷனுக்கு உடம்பு முடியவில்லை என்றொரு காரணம் கிடைத்தது. கிடைத்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

இருபத்தெட்டு. கலியமூர்த்தி திரும்பி வந்து, நாற்காலி ஆடாமல் பார்த்து உட்கார்ந்தான். கைகளைத் தொடைமேல் வைத்துக்கொண்டான். கேட்டுவிடலாமா, அந்த அதிகாரி எழுதிய ரிப்போர்ட் உன் கைக்கு வந்ததா என்று? எப்படிக் கேட்பது. அவனுக்குத் தெரியாமலே இருந்திருந்தால்? அன்றைக்குப் பகல் பதினொரு மணி இருக்கும். வாசலில் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. ஹெல்மெட்டைக் கழற்றிய பையனுக்கு முப்பது வயதுகூட இராது. நன்னடத்தை அலுவலர் என்றான், அம்மா கொஞ்சம் தண்ணி குடுங்க என்றான். அவள் செம்பை நீட்டிக்கொண்டே தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தாள். மகளைப் பெண் பார்க்க அடுத்த வெள்ளிக்கிழமை நாமக்கல்லில் இருந்து வருவதாக இருந்தது. "உங்க தம்பிய முன்கூட்டியே விடறதப் பத்திப் பரிசீலன நடக்குதும்மா. வெளிய வந்தா உங்க வீட்ல வச்சுப்பீங்களா?" அவள் உள்ளே திரும்பிப் புருஷனைப் பார்த்தாள். நடேசன் பேப்பரைத் தாழ்த்தி, "உன் தம்பி. நீ சொல்லு" என்றார். அவர் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். அப்படிச் சொல்லியிருந்தால் பழியை அவர் தலையில் வைத்துவிட்டு நிம்மதியாக அழுதிருக்கலாம். அடுப்பில் குழம்பு. அது அடிப்பிடிக்கிற வாடை. எதிர்வீட்டு ஜன்னலில் யாரோ. அவள் சொன்னாள், இங்க வேண்டாங்க. இல்லை. இப்போதைக்கு இங்க வேண்டாங்க. எது? ஆறு வருஷமாக அந்த வாசல்படியில் போய்ப் போய் நிற்கிறாள். இப்போதைக்கு என்ற சொல் வாயில் இருந்தது, அது நிச்சயம், நாக்கில் அதன் கனம்கூட ஞாபகம் இருக்கிறது. சொன்னாளா? பொண்ணு கல்யாணம் முடியட்டும் என்று சொல்ல நினைத்தாள், அதைச் சொல்லவில்லை, அது தெரியும். இப்போதைக்கு மட்டும் தெரியவில்லை. அந்தப் பையன் முழங்காலில் பைலை வைத்து எழுதினான். "படிச்சுப் பாத்துட்டுக் கையெழுத்துப் போடுங்கம்மா" என்றான். குழம்பு தீய்ந்துகொண்டிருந்தது. படிக்காமல் போட்டாள். ஒரு வரி. படிக்க எவ்வளவு நேரம் ஆகியிருக்கும். குழம்பையும்தான் கொட்ட வேண்டி வந்தது.

இப்போதைக்கு என்று சொல்லியிருந்தால் தான் இவ்வளவு கெட்டவளில்லை என்று எத்தனையோ பகல்களில் அவள் தனக்குத்தானே தீர்ப்புச் சொல்லியிருக்கிறாள். சொல்லாமல் விட்டிருந்தால் அந்த ஒரு சொல்லில்தான் எல்லாம் போயிற்று. ஒரு சொல், கைதவறி விழுந்தது போல. கைதவறி விழுவதற்கு மன்னிப்பு உண்டு. மகள் கல்யாணம் இரண்டு மாதத்தில் நடந்தது. மறு வருஷம் ஆடிக்கு வந்த மருமகன், கைகழுவிக்கொண்டே, "அத்தை, உங்க தம்பி ஒருத்தர் ஜெயில்ல இருக்காராமே, எப்ப வர்றாரு?" என்று கேட்டார். பேசி முடிக்கும்போதே தரகர் சொல்லிவிட்டாராம். மாப்பிள்ளை வீட்டில் எல்லோருக்கும் தெரிந்தேதான் தாலி ஏறியிருக்கிறது. துண்டை நீட்டிய கை அப்படியே நின்றது. மகளிடம் தனியாகச் சொன்னபோது, "எனக்காகவா? நான் கேட்டேனாம்மா?" என்றாள் அவள். கோபமாகக்கூட இல்லை. நான் கேட்டேனாம்மா. அந்த வருஷமே போய், தம்பியை ஏற்றுக்கொள்கிறேன் என்று ஒரு கடிதம் கொடுத்திருக்கலாம். யாரிடம் கொடுப்பது என்று தெரியவில்லை. தெரியவில்லை என்றால் விசாரித்திருக்கலாமே. விசாரிக்கக் கிளம்பிய நாளில் மழை. இன்னொரு நாள் முழங்கால் வலி. அப்புறம், இத்தனை நாள் கழித்துப் போனால் முதலில் ஏன் மறுத்தீர்கள் என்று கேட்பார்களே என்ற கூச்சம். நாளாக ஆக அந்தக் கூச்சம் பெருத்துக்கொண்டே போனது. கடைசியில் அது வீட்டில் ஒரு ஆள் மாதிரி ஆகி, அவனுக்கென்று இருந்த முன்னறையில் அதுதான் குடியிருந்தது.

முப்பத்தாறு. அவள் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். நடு நாற்காலி காலியாயிற்று. அவன் அதைப் பார்த்தான், நகரவில்லை. "கலியா" என்றாள். "முன்னறையைச் சுத்தம் பண்ணி வச்சிருக்கேன். கட்டில் போட்டிருக்கு. இங்கேருந்தே மண்ணச்சநல்லூருக்கு பஸ் இருக்கு. போய் வரலாம். இல்ல, இங்கயே எதாவது கடையில கேக்கலாம்." சொல்லி முடிக்கையில் மூச்சு வாங்கியது. மின்விசிறியைப் பார்த்தான், தரையைப் பார்த்தான்.

"வேண்டாம்க்கா. முகவரி மட்டும் போதும்."

"ஏன்டா?"

"கோவமெல்லாம் இல்ல."

"அப்புறம் என்ன?"

"பழகிப் போச்சுக்கா" என்றான். எது பழகிப்போயிற்று என்று சொல்லவில்லை. முப்பத்தேழு என்று எண் மாறியதும் பின்னால் யாரோ எழுந்து, நாற்காலிகள் எல்லாம் ஒருமுறை ஆடி அடங்கின. அந்த ஆட்டத்தில் ஏதோ தளர்ந்தது போல அவளே கேட்டுவிட்டாள். "அன்னைக்கி ஒரு ஆபீசர் வந்தாரு. உன்னையப் பத்திக் கேக்க. தெரியுமா உனக்கு?"

"தெரியும்."

"நான் என்ன சொன்னேன்னு தெரியுமா?"

"ரிப்போர்ட்டு ஒரு காப்பி எனக்கும் குடுத்தாங்கக்கா. நிராகரிச்சா காரணம் சொல்லணுமில்ல." அவன் குரல், பஸ் நேரம் சொல்வது போலத்தான் இருந்தது. "சகோதரி தற்போது ஏற்றுக்கொள்ள இயலாத நிலையில் உள்ளார். அப்படித்தான் எழுதியிருந்துச்சு. தற்போதுன்னு."

தற்போது. அவளுக்கு முதலில் மார்பு விரிந்தது. சொல்லியிருக்கிறேன், சொல்லித்தான் இருக்கிறேன், நாக்கிலிருந்த கனம் பொய்யில்லை. ஆறு வருஷமாகத் தேடிய சொல் கிடைத்துவிட்டது என்று ஒரு நொடி, ஒரே நொடிதான், சந்தோஷம்கூட வந்தது. அதற்குள் அவன் மேலே சொல்லிக்கொண்டிருந்தான். "அதப் பாத்ததும் எனக்கு நல்லாத்தான் இருந்துச்சு. தற்போதுதான முடியல, பாப்பா கல்யாணம் ஏதோ நடக்குது போலன்னு நெனச்சேன். வருசத்துக்கு ஒருக்கா மறுபடியும் மனு போடலாம்க்கா. வீட்லேர்ந்து ஒரு கடுதாசி வந்தாப் போதும்னு அங்க ஆபீஸ்ல சொன்னாங்க. மொத வருசம் பாத்தேன். ரெண்டாவது வருசமும் பாத்தேன். தபால் வர்ற நாள் உள்ள தறிப்பட்டறையில வேலையே ஓடாது. அப்புறம் பாக்கறத விட்டுட்டேன்."

"எனக்கு ஒரு வரி எழுதியிருக்கலாமேடா."

"எழுதலாம். எழுதிக் கேட்டா நீ மறுபடியும் முடியாதுன்னு எழுத வேண்டி வந்தா? அத எதுக்கு உனக்கு." அவன் தன் கைகளைப் பார்த்துக்கொண்டான். "கடைசியில ஆதரவில்லாதவங்களுக்கு இல்லம் நடத்தறவங்க ஏத்துக்கறோம்னு எழுதிக் குடுத்தாங்க. என்னைய முன்னபின்ன பாத்ததே இல்ல. அவங்க கையெழுத்துலதான் வந்தேன்."

செந்தாமரை எதிரே சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சொல் இருந்திருக்கிறது. கைதவறி எதுவும் விழவில்லை. இருந்த சொல்லை வைத்துக்கொண்டு அவன் ஒவ்வொரு தபால் நாளும் காத்திருக்கிறான், அந்தச் சொல்லைச் சொன்னோமா சொல்லவில்லையா என்று தேடிக்கொண்டு அவள் அடுப்படியில் நின்றிருக்கிறாள். சொல்லாமலே விட்டிருந்தால் அவன் காத்திராமலாவது இருந்திருப்பான். வாசல்படியில் நின்ற ஐந்து நிமிஷத்தில்தான் தவறு நடந்தது என்று எண்ணியிருந்தாள். அந்த ஐந்து நிமிஷத்தில் ஒன்றும் நடக்கவில்லை. நடந்ததெல்லாம் பிறகுதான். மழை பெய்த நாளில், முழங்கால் வலித்த நாளில், மருமகனுக்கு இலை போட்ட நாளில், ஒன்றுமே நடக்காத எல்லா நாளிலும். அதற்கு எந்த வாசல்படியில் போய் நிற்பது? எந்த நாளைப் பிடித்து இழுப்பது? அழுகை வரும் என்று பார்த்தாள், வரவில்லை. அழுதால் அவன் அவளைத் தேற்ற வேண்டி வரும். அந்த வேலையையும் அவனுக்கு வைக்கக் கூடாது என்று மட்டும் தோன்றியது.

நாற்பத்தேழு வந்தபோது அவன் எழுந்து நின்றான், அவள் முன்னால் போகும்வரை நின்றான். கம்ப்யூட்டருக்கு முன்னால் இருந்த பெண் கண்ணாடி போட்டிருந்தாள். அட்டையை வாங்கிப் பார்த்தாள். பார்வை முகவரியில் நின்றது, செந்தாமரைக்குத் தெரிந்தது. அந்தப் பெண் நிமிர்ந்து வரிசையில் இருந்தவர்களை ஒருமுறை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "இதத்தான மாத்தணும்? மாத்திடலாம் சார்" என்றாள். அந்த சார் என்ற வார்த்தைக்குக் கலியமூர்த்தி சட்டென்று கையைக் கட்டிக்கொண்டான், பிறகு அவிழ்த்தான். விரலை மிஷினில் வைக்கச் சொன்னாள். விழவில்லை. துடைத்துவிட்டு வைக்கச் சொன்னாள். விழவில்லை. "ரேகை தேஞ்சிருக்கு. என்ன வேல பாத்தீங்க?" "தறி" என்றான். அவள் மேலே கேட்கவில்லை. கண்ணைப் படம் பிடித்துச் சரிபார்த்துக்கொண்டாள். வீட்டுக்காரர் போட வேண்டிய படிவத்தைச் செந்தாமரையிடம் நீட்டினாள். மேற்படி நபர் எனது வீட்டில் வசித்து வருகிறார் என்று உறுதி கூறுகிறேன். "படிச்சுப் பாத்துப் போடுங்கம்மா." இந்தத் தடவை படித்தாள். ஒவ்வொரு சொல்லாக, உதடு அசையப் படித்தாள். வசித்து வருகிறார். உண்மையில்லை. ஆறு வருஷத்துக்கு முன்னால் உண்மையாக்கியிருக்கக்கூடிய வாக்கியம், இன்றைக்குப் பொய். இந்தப் பொய்யைத்தான் அவன் அவளிடம் கேட்டு வந்திருக்கிறான், வேறெதையும் கேட்கவில்லை. பேனா வழுக்கியது. விரலைச் சேலையில் துடைத்துக்கொண்டு போட்டாள். செந்தாமரை நடேசன். "உறவு?" என்றாள் கண்ணாடிப் பெண். "கூடப் பொறந்த தம்பி." இரண்டு வாரத்தில் தபாலில் வீட்டுக்கு வரும் என்றாள்.

வெளியே வெயில் வெள்ளையாக அடித்தது. "அட்டை வந்ததும் போன் பண்ணுக்கா, வந்து வாங்கிக்கறேன்" என்றான். "வீட்டுக்கு வந்து சாப்பிட்டுட்டுப் போயேன், சமைச்சு வச்சிருக்கேன்" என்றாள். மூன்று மணிக்கு ஒரு மோட்டார் கொடுத்தாக வேண்டுமாம், இன்னொரு நாள் வருகிறேன் என்றான். இன்னொரு நாள். அந்தச் சொல்லை அவளைவிட நன்றாக யார் அறிவார்கள். இருவரும் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார்கள். அட்டை சீக்கிரம் வந்தால் அவனுக்கு அறை கிடைக்கும். தாமதமாக வந்தால் இன்னும் சில நாள், வந்துவிட்டதா என்று அவளைக் கூப்பிட்டுக் கேட்பான். எதை வேண்டிக்கொள்வது என்று தெரியாமல் நடந்தாள், பிறகு அப்படி ஒரு நினைப்பு வந்ததற்கே வெட்கப்பட்டாள். சீக்கிரம் வரட்டும். நாளைக்கே வரட்டும். திருச்சி பஸ் புறப்படத் தயாராக உறுமிக்கொண்டிருந்தது. வர்றேன்க்கா என்று அவன் பின்வாசலில் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்தான். அவள் கீழே நின்று ஜன்னல் கம்பி வழியாக அவனைப் பார்த்தாள். கம்பிக்கு அந்தப் பக்கம் அவன், இந்தப் பக்கம் தான் என்று தெரிந்ததும் அந்த இடத்தில் அவளால் நிற்க முடியவில்லை. பஸ் நகரும்போது ஓடிப்போய் ஏறினாள். கண்டக்டர் கத்தினார். முழங்கால் சுரீரென்றது. சீட்டுகளைப் பிடித்துப் பிடித்து அவன் பக்கத்தில் வந்து நின்றாள்.

"எங்கக்கா ஏறுன?" அவன் பதறி எழுந்தான்.

"நீ இருக்கற எடத்தப் பாக்கணும்."

"அங்க ஒண்ணும் இல்லக்கா. அந்தோணி கடையில பின்னால ஒரு எடம். பாய் ஒண்ணுதான் இருக்கு. உக்கார நாக்காலிகூட இல்ல."

"உக்கார வரல" என்றாள். எதற்கு வருகிறாள் என்று கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திராது. பார்த்துவிட்டு வந்தால் கழிந்த எதுவும் திரும்பாது. அவன் வீட்டுக்கு வந்துவிடப் போவதும் இல்லை. அவன் கேட்கவில்லை. ஜன்னல் பக்கம் தள்ளி உட்கார்ந்தான். அவள் பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு அவனையொட்டி உட்கார்ந்தாள். பெருமாள்மலை பின்னால் போனது. நல்ல வெயில், காற்று அனலாக அடித்தது. வீட்டில் இரண்டு பேருக்கு வடித்த சோறு மூடியபடி இருக்கும். அது கெட்டுப்போகும், போகட்டும் என்று நினைத்தாள். கொஞ்ச தூரம் போனதும் அவன் ஜன்னல் ஷட்டரை அவளுக்கு வெயில் படாத மாதிரி பாதி இறக்கிவிட்டு, வெளியே பார்க்க ஆரம்பித்தான்.